மூன்றாவது பிசிஐ ஸ்லாட்டில் டீபக் கார்டு கடைசி வரை கோடு (குறியீட்டு எண்) காட்டுகிறது; வேறு எந்தக் கார்டும் அதில் தெரிவதில்லை

ஆலைப்பழுது எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்திலிருந்து பழைய கணினி ஒன்று பழுதுக்கு வந்திருக்கிறது. இன்டெல் 865 சிப்செட், மூன்று பிசிஐ ஸ்லாட் (கார்டு செருகும் இடம்), விண்டோஸ் எக்ஸ்பி. நூலை அளக்கும் கருவிகள் இரண்டும் தலா ஒரு பிசிஐ கார்டு வழியாகத்தான் இந்தக் கணினியுடன் இணைகின்றன. போர்டிலேயே இருந்த நெட்வொர்க் பகுதி எப்போதோ செயலிழந்துவிட்டதால் மூன்றாவது ஸ்லாட்டில் ஒரு லேன் கார்டு போட்டிருந்தார்கள். ஆகவே மூன்று ஸ்லாட்டும் வேண்டும். கருவியின் கார்டுகளுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவம் கிடைக்காததால் மதர்போர்டை மாற்றும் பேச்சுக்கும் இடமில்லை.

மூன்றாவது ஸ்லாட்டில் எந்தக் கார்டைப் போட்டாலும் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) பட்டியலிலும் டிவைஸ் மேனேஜரிலும் தெரிவதில்லை. அதே கார்டு முதல் ஸ்லாட்டில் உடனே தெரிகிறது. எல்லாக் கார்டுகளையும் கழற்றிவிட்டு, கணினி தொடங்கும் கட்டங்களை எண்களாகக் காட்டும், என்னிடம் உள்ள நான்கு இலக்க டீபக் கார்டை மூன்று ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் கோடுகள் ஒரே வரிசையில் ஓடி எஃப்எஃப் என்று நின்றன. 5, 12, மைனஸ் 12, 3.3 வோல்ட் விளக்குகள் எல்லாம் எரிந்தன. ரீசெட் விளக்கு எரிந்து அணைந்தது. கிளாக், ஃபிரேம், ஐஆர்டிஒய் என்ற சைகைக் கம்பிகளின் விளக்குகளிலும் குறை இல்லை. கார்டுடன் வந்த கையேட்டில் எல்லா விளக்கும் சரியாக இருந்தால் ஸ்லாட் நன்றாக இருக்கிறது என்றுதான் போட்டிருக்கிறது. அதை நம்பி, ஸ்லாட்டில் பழுதில்லை, மென்பொருள் கோளாறுதான் என்று ஆலையில் சொல்லிவிட்டு, பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தேன். விண்டோஸையும் புதிதாக நிறுவினேன். இரண்டு நாள் போனதுதான் மிச்சம். நான் எதைத் தவறவிட்டேன் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


சிப்லெவல் எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் சோதனையில் தவறில்லை. கையேடு சொன்ன முடிவுதான் தவறு. டீபக் கார்டு ஸ்லாட்டைச் சோதிப்பதில்லை. ஸ்லாட்டில் உட்கார்ந்துகொண்டு மதர்போர்டைக் கவனிக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டுவிட்டால் உங்கள் பழுது எங்கே இருக்கும் என்பதைப் பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம்.

கணினி உயிர் பெற்றதும் பயாஸ் ஒவ்வொரு கட்டத்தைத் தொடங்கும்போதும் 80 ஹெக்ஸ் என்ற போர்ட்டுக்கு ஒரு பைட் எழுதுகிறது. ஐபிஎம் 1984இல் வெளியிட்ட ஏடி கணினியிலிருந்து வந்த வழக்கம் இது. அந்த எழுத்து பிசிஐ பஸ்ஸில் (ஸ்லாட்டுகளை இணைக்கும் கம்பித் தொகுதியில்) கடந்து போகும்போது டீபக் கார்டு எட்டிப் பார்த்து அந்த எண்ணை இரண்டு இலக்கமாகக் காட்டுகிறது. நான்கு இலக்கக் கார்டாக இருந்தால் அதற்கு முந்தைய எண்ணையும் சேர்த்துக் காட்டும். சாதாரண டீபக் கார்டு தான் இருப்பதாக யாருக்கும் சொல்லாது, யார் கேட்டாலும் பதில் தராது, பஸ்ஸைத் தன் கையில் கேட்காது, இன்டரப்ட் (பிராசஸரைக் கூப்பிடும் சைகை) அனுப்பாது. வாசலில் நின்று தெருவைப் பார்ப்பவர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிசிஐ ஸ்லாட்டின் கம்பிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். முகவரியும் தரவும் மாறி மாறிப் போகும் 32 ஏடி கம்பிகள், நான்கு சி/பிஇ கம்பிகள், ஃபிரேம், ஐஆர்டிஒய், டிஆர்டிஒய், டெவ்செல் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஆகியவை மூன்று ஸ்லாட்டுக்கும் பொதுவானவை. ஒரே கம்பி மூன்று ஸ்லாட்டையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. கிளாக், ஐடிசெல் (ஸ்லாட்டைத் தேர்ந்தெடுப்பது), ரெக்வெஸ்ட் (பஸ்ஸைக் கேட்பது), கிரான்ட் (அதற்கு அனுமதி தருவது) ஆகிய நான்கும் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனியானவை. டீபக் கார்டுக்குத் தேவைப்படுவது மின்சாரம், ரீசெட், கிளாக், பொதுக் கம்பிகள், அவ்வளவுதான். தனிக் கம்பிகளில் அது தொட்டுப் பார்ப்பது கிளாக் ஒன்றை மட்டுமே. உங்கள் மூன்றாவது ஸ்லாட்டில் மற்ற மூன்றில் எது அறுந்திருந்தாலும் உங்கள் கார்டு எஃப்எஃப் வரை அழகாக ஓடிக் காட்டும்.

பயாஸ் பட்டியலில் பெயரே வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் என் சந்தேகம் ஐடிசெல் மீதுதான். பயாஸ் ஒரு ஸ்லாட்டில் யார் இருக்கிறார் என்று விசாரிக்கும்போது அந்த ஸ்லாட்டின் ஐடிசெல் கம்பியை உயர்த்தித்தான் கேட்கிறது. அந்தக் கம்பி அறுந்திருந்தால் கேள்வி கார்டைச் சென்றடைவதில்லை. பதில் வராததால் ஸ்லாட் காலி என்று பயாஸ் எடுத்துக்கொள்கிறது. ரெக்வெஸ்ட் அல்லது கிரான்ட் அறுந்திருந்தால் கார்டு பட்டியலில் தெரியும், ஆனால் வேலை செய்யும்போது திணறும். இன்டரப்ட் கம்பி அறுந்திருந்தாலும் கார்டு தெரியவே செய்யும்.


பழையபோர்டு எழுதியது:

சிப்லெவல் சொல்லும் கம்பிக் கணக்கு சரிதான். ஆனால் டீபக் கார்டால் ஸ்லாட்டைச் சோதிக்கவே முடியாது என்ற பொருளில் இதைப் படித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் 486 காலத்து போர்டுகளைப் பழுது பார்ப்பவன். அங்கே பிசிஐக்கு முந்தைய வகையான ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளுக்குள் ஐடிசெல் போன்ற தனிக் கம்பி கிடையாது; முகவரி, தரவு, ரீசெட், கிளாக் எல்லாமே எல்லா ஸ்லாட்டுக்கும் இணையாக ஓடுகின்றன. ஒரு ஸ்லாட்டில் கோடு ஓடி, பக்கத்து ஸ்லாட்டில் இருட்டாக இருந்தால் பழுது அந்த ஸ்லாட்டின் தொடுமுனையிலோ சால்டரிலோதான் இருக்கும்.

அந்தப் போர்டுகளில் விசைப்பலகைக் கனெக்டருக்கு அருகே பீப்பாய் வடிவத்தில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். ஆண்டுகள் கழித்து அது கசிந்து, அந்தக் காரம் போர்டில் பரவி, அருகில் உள்ள ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் தகடுகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஸ்லாட் சுத்தமாகத்தான் தெரியும். டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால்தான் உள்ளே இரண்டு மூன்று தகடுகள் நிறம் மாறியிருப்பது தெரியும். ஸ்லாட் ஸ்லாட்டாக டீபக் கார்டை நகர்த்தி, எத்தனையாவது ஸ்லாட் வரை அரிப்பு போயிருக்கிறது என்று நான் பலமுறை கண்டுபிடித்திருக்கிறேன்.

எஃப்எஃப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவார்டு பயாஸில் எல்லாம் முடிந்து இயங்குதளத்தை ஏற்றப் போகும்போது எஃப்எஃப் வருகிறது. பயாஸ் ஒரு கட்டளைகூட ஓடாத இறந்த போர்டிலும் பல கார்டுகள் எஃப்எஃப் அல்லது 00 என்றே காட்டும். ஆகவே கடைசி எண்ணை மட்டும் பார்க்காமல், எண்கள் மாறி மாறி ஓடினவா என்பதைப் பார்க்க வேண்டும். ஆலைப்பழுது நண்பர் வரிசையாக ஓடியது என்று தெளிவாக எழுதியிருப்பதால் இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

ஒரு முனையில் பிசிஐ, மறுமுனையில் ஐஎஸ்ஏ என்று இருக்கும் கார்டை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனமாக இருங்கள். ஐஎஸ்ஏ முனையைத் திருப்பிச் செருகிவிட்டால் 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே கார்டைச் செருகவும் எடுக்கவும் வேண்டும். கணினியை அணைத்தால் மட்டும் போதாது. ஏடிஎக்ஸ் பவர் சப்ளையில் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், பிசிஐ ஸ்லாட்டின் 3.3 வோல்ட் துணை மின்சாரம் அதிலிருந்துதான் வருகிறது.


ஆலைப்பழுது எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பத்து ஆண்டுகளாக இந்தக் கார்டை வைத்திருக்கிறேன். அது கேள்வி கேட்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இன்றுதான் எனக்குத் தெளிவானது. என்னிடம் ஆசிலோஸ்கோப் இல்லை, நல்ல மல்டிமீட்டர் இருக்கிறது. ஐடிசெல்லை அதை வைத்துச் சோதிக்க முடியுமா? பின்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கிறது.


சிப்லெவல் எழுதியது:

மல்டிமீட்டரே போதும். முதலில் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மீதி மின்னேற்றத்தைத் தீர்த்துவிடுங்கள்.

பின் எண்ணிக்கை ஸ்லாட்டின் பின்பக்க முனையிலிருந்து, அதாவது கார்டின் உலோகப் பட்டை கேபினெட்டில் திருகப்படும் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஏடிஎக்ஸ் போர்டில் பிராசஸரை நோக்கிய வரிசை ஏ. எதிர்ப்புறம் உள்ளது பி. 26 வரை எண்ணும்போது ஒன்று தவறினாலும் முடிவு தப்பாகிவிடும் என்பதால் அடையாளப் பின்களை வைத்துச் சரிபாருங்கள். ஏ24 கிரவுண்ட், ஆகவே கிரவுண்டோடு வைத்தால் மீட்டரின் பஸ்ஸர் கத்தும். ஏ25 என்பது ஏடி24. ஏ26தான் ஐடிசெல். அதற்கு அடுத்த ஏ27 என்பது 3.3 வோல்ட், அது மற்ற 3.3 வோல்ட் பின்களோடு பஸ்ஸர் தரும். இந்த நான்கும் ஒத்துவந்தால் நீங்கள் சரியான பின்னில்தான் இருக்கிறீர்கள்.

மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கருப்பு முனையைப் பின்னிலும் வையுங்கள். சிப்செட்டின் உள்ளே ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள பாதுகாப்பு டயோடின் அளவை இப்படிப் பார்க்கிறோம். நல்ல ஏடி கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். அந்த அளவு எவ்வளவு என்பதைவிட, அண்டைக் கம்பிகளோடு ஒத்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஐடிசெல் மட்டும் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அதற்குக் காரணம் உண்டு. ஐடிசெல்லுக்கென்று சிப்செட்டிலிருந்து தனிக் கம்பி வருவதில்லை. மதர்போர்டிலேயே ஏடி16இலிருந்து ஏடி31 வரையிலான கம்பிகளில் ஏதோ ஒன்றிலிருந்து ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாகக் கிளை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். உங்கள் மீட்டர் டயோடு நிலையில் 1 மில்லி ஆம்பியர் அளவுக்கு அனுப்புவதாகக் கொண்டால், அந்த ரெசிஸ்டர் 100 ஓம் என்றால் 0.1 வோல்ட் கூடும்.

முதல் இரண்டு ஸ்லாட்டில் எந்த ஏடி கம்பியிலிருந்து கிளை போகிறது என்று ஓம் நிலையில் தேடிக் கண்டுபிடியுங்கள். ஏடி16 என்பது ஏ32, ஏடி17 என்பது பி32, ஏடி18 என்பது ஏ31, ஏடி19 என்பது பி30. பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களாகவே இருக்கும் என்பதால் மூன்றாவது எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கையோடு ஏ17இல் உள்ள கிரான்டையும் பி18இல் உள்ள ரெக்வெஸ்டையும் மூன்று ஸ்லாட்டிலும் ஒப்பிட்டுவிடுங்கள்.


பயிற்சிமாணவர் எழுதியது:

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் டீபக் கார்டு ஒன்றும், லேப்டாப்பின் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கு உரிய ஒன்றும் வாங்கினேன். நன்றாக ஓடும் கணினியிலேயே இரண்டும் எந்த எண்ணும் காட்டவில்லை. கார்டுதான் பழுதா, அல்லது ஸ்லாட்டா?


லினக்ஸ்மேசை எழுதியது:

இரண்டும் பழுதாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய பிசிஐ என்பது எல்லோரும் கேட்கும்படி பேசும் பொதுத் திண்ணை. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி இணைப்பு. அந்த ஸ்லாட்டுக்கு என்று அனுப்பப்படாத செய்தி அங்கே வராது. போர்ட் 80க்கு எழுதப்படுவது வழக்கமாக எல்பிசி எனப்படும் வேறு பாதையில்தான் போகிறது. இன்டெல்லின் ஐசிஎச் வகைச் சிப்செட்டுகள் பலவற்றில் இந்த எழுத்தை எல்பிசிக்கு அனுப்புவதா பிசிஐக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் பிட் ஒன்று இருக்கிறது. பயாஸ் அதை எல்பிசி பக்கம் வைத்திருந்தால் நல்ல பிசிஐ ஸ்லாட்டில்கூட டீபக் கார்டு வெறுமையாக இருக்கும். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள், ஒதுக்கி வைக்கப்பட்ட பின்களில் லேப்டாப் தயாரிப்பாளர் எல்பிசி கம்பிகளை இணைத்திருந்தால் மட்டுமே எண் காட்டும், பலர் இணைப்பதில்லை. மேசைக் கணினியில் டிபிஎம் என்று குறிக்கப்பட்ட பின்வரிசையில் எல்பிசி வந்தால் அங்கே செருகும் டீபக் கார்டுதான் பயன்படும். புதிய போர்டுகள் எல்பிசியை விட்டு இஎஸ்பிஐ என்ற வேறு பாதைக்கு மாறிவிட்டதால் அதுவும் எல்லாவற்றிலும் உதவாது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டைச் சோதிக்க, நல்ல நிலையில் உள்ள ஒரு கார்டைப் போட்டு லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை இரட்டை வி விருப்பத்துடன் (lspci -vv), நிர்வாகி உரிமையில் ஓட்டுங்கள். இணைப்புத் திறன் (LnkCap) என்ற வரி கார்டால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்லும். இணைப்பு நிலை (LnkSta) என்ற வரி இப்போது எவ்வளவு கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்லும். 16 தடம் (lane) முடிந்த கார்டுக்கு 8 மட்டும் கிடைத்திருந்தால், அந்த ஸ்லாட்டுக்கு போர்டில் 16 தடமும் இணைக்கப்பட்டிருக்கிறதா, மற்றொரு ஸ்லாட்டோடு பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அவை இரண்டும் இல்லையென்றால், ஏதோ ஒரு தடத்தில் தொடுமுனை அழுக்காகவோ வளைந்தோ இருக்கலாம். வேகம் மட்டும் குறைவாக 2.5 என்று தெரிந்தால் பதற வேண்டாம். கிராபிக்ஸ் கார்டுகள் ஓய்வில் இருக்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள்.


பழையபோர்டு எழுதியது:

இழையின் பழுதுக்குத் திரும்புகிறேன். லினக்ஸ்மேசை சொன்ன வழி பிசிஐக்கும் பொருந்தும். ஸ்லாட்டைச் சோதிக்க என் மேசையில் ஒரு ரியல்டெக் 8139 லேன் கார்டு எப்போதும் இருக்கும். விசாரணைக்கு அது பதில் சொல்ல வேண்டும், ஆகவே ஐடிசெல் சோதிக்கப்படுகிறது. தரவு வந்ததும் இன்டரப்ட் அனுப்ப வேண்டும். நினைவகத்துக்குத் தானே எழுதும் கார்டு என்பதால் பஸ்ஸைக் கேட்டு வாங்க வேண்டும், ஆகவே ரெக்வெஸ்டும் கிரான்டும் சோதிக்கப்படுகின்றன. ஒரு பெரிய கோப்பை நெட்வொர்க்கில் நகலெடுத்து, அது தடங்கலின்றி முடிந்தால் அந்த ஸ்லாட்டைப் பற்றி நான் உறுதியாகப் பேசுவேன். மின்சாரமும் கிளாக்கும் ஸ்லாட் வரை வருகின்றனவா என்ற கேள்விக்கு டீபக் கார்டு, அதில் ஒரு கார்டு பதில் சொல்லி வேலை செய்யுமா என்ற கேள்விக்கு லேன் கார்டு என்று வைத்துக்கொண்டால் சிப்லெவல் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் முரண் இல்லை.


சிப்லெவல் எழுதியது:

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஐயா. நான் முதலில் சற்று அழுத்திச் சொல்லிவிட்டேன். மின்சாரம், ரீசெட், கிளாக் ஆகியவை ஸ்லாட் வரை வருகின்றனவா என்பதற்கு டீபக் கார்டைவிட விரைவான வழி கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: சில பயாஸ்களில் காலியான ஸ்லாட்டுக்குக் கிளாக்கை நிறுத்தும் வசதி இருக்கிறது. டீபக் கார்டு விசாரணைக்குப் பதில் தராததால் அந்த ஸ்லாட்டும் காலி என்றே கருதப்பட்டு, பாதி வழியில் கிளாக் விளக்கு அணைந்து எண் உறைந்துவிடலாம். கணினி பாட்டுக்கு விண்டோஸ் வரை போயிருக்கும். சோதிக்கும்போது அந்த வசதியை நிறுத்தி வைப்பது நல்லது.


ஆலைப்பழுது எழுதியது:

அளந்து பார்த்துவிட்டேன், விவரமாக எழுதுகிறேன்.

ஏ24, ஏ27 இரண்டையும் வைத்துச் சரிபார்த்த பிறகே ஏ26ஐத் தொட்டேன். ஏடி கம்பிகள் மூன்று ஸ்லாட்டிலும் 0.49க்கும் 0.51க்கும் இடையில் இருந்தன. ஐடிசெல் முதல் ஸ்லாட்டில் 0.594, இரண்டாவதில் 0.597, சிப்லெவல் சொன்ன அந்தக் கூடுதல் அப்படியே வந்தது. மூன்றாவதில் மீட்டர் ஓஎல் (தொடர்பு இல்லை) என்று நின்றுவிட்டது. மூன்று முறை பின்னை மாற்றி எண்ணிப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

பிறகு ஓம் நிலையில் தேடினேன். முதல் ஸ்லாட்டின் ஏ26க்கும் ஏ32க்கும் இடையே 100 ஓம். இரண்டாவதின் ஏ26க்கும் பி32க்கும் இடையே 100 ஓம். அப்படியானால் மூன்றாவது ஏ31க்குப் போக வேண்டும். அங்கே தொடர்பே இல்லை. போர்டைக் கழற்றி விளக்கின் கீழ் பூதக்கண்ணாடியுடன் பார்த்தேன். மூன்றாவது ஸ்லாட்டின் அருகே 101 என்று எழுதிய ரெசிஸ்டர் ஒன்றின் மேல் பஞ்சுத் தூசி ஈரத்தோடு சேர்ந்து சாம்பல் நிறத் தகடு போல ஒட்டியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் மெதுவாகத் தேய்த்தபோது தூசி போனது, கூடவே ரெசிஸ்டரின் ஒரு முனையும் போர்டிலிருந்து எழும்பிவிட்டது. சால்டர் அரித்துப் போய், வெறும் தூசிதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

போர்டில் சால்டர் ஒட்டும் பேடு நல்ல நிலையில் இருந்தது. பழைய செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே அளவு ரெசிஸ்டரை எடுத்துச் சால்டர் செய்தேன். இப்போது மூன்றாவது ஸ்லாட்டின் ஐடிசெல் 0.595 காட்டுகிறது. கிரான்டும் ரெக்வெஸ்டும் மூன்று ஸ்லாட்டிலும் ஒத்திருக்கின்றன. டீபக் கார்டைப் போட்டுப் பார்த்தேன். முன்பு காட்டிய அதே வரிசை, அதே எஃப்எஃப், ஒரு விளக்கும் மாறவில்லை. லேன் கார்டைப் போட்டதும் பயாஸ் பட்டியலில் பெயர் வந்தது. பழையபோர்டு ஐயா சொன்னபடி 4 ஜிபி கோப்பு ஒன்றை அங்கும் இங்குமாக நகலெடுத்தேன், ஒரு தடங்கலும் இல்லை.

போர்டின் மற்ற பகுதிகளையும் சுத்தம் செய்து காயவைத்திருக்கிறேன். நாளை காலை ஆலைக்குப் போய்க் கருவியின் இரண்டு கார்டுகளையும் போட்டு, கணினிப் பெட்டியின் காற்று நுழையும் பக்கத்தில் ஒரு வடிகட்டியும் வைத்துவிட்டு வருகிறேன். மென்பொருள் கோளாறு என்று நான் சொன்னது தவறு என்பதையும் அங்கே நேரில் சொல்லிவிடுவேன்.


பழையபோர்டு எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். போகும்போது லேன் கார்டு, கருவிக் கார்டுகள் மூன்றின் தங்க முனைகளையும் மென்மையான அழிப்பானால் துடைத்து, ஆல்கஹாலில் ஒற்றி எடுத்துவிட்டுச் செருகுங்கள். ஒரே தூசிதான் அவற்றின் மேலும் படிந்திருக்கும். மற்ற இரண்டு ஐடிசெல் ரெசிஸ்டர்களின் சால்டரையும் ஒருமுறை புதுப்பித்துவிட்டால் நல்லது. அவையும் அதே காற்றில்தான் இருந்திருக்கின்றன.


ஆலைப்பழுது எழுதியது:

இரண்டையும் புதுப்பித்துவிட்டேன், ஐயா. ஆலையில் மூன்று கார்டும் தெரிகின்றன. இரண்டு கருவிகளும் ஒரு ஷிஃப்ட் முழுவதும் ஓடி முடித்திருக்கின்றன. இழையை மூடிக்கொள்ளலாம்.